கேட்காமல் தூக்கிய பாலம்

அம்மா பாலம் தூக்குகிறவளாக இருந்தாள். எங்கள் ஊரில் இவ்வளவு சொன்னால் போதும். கால்வாயின் தென்கரையில் கல்லூரி இருக்கும் ஊர், வடகரையில் நாங்கள். கால்வாயின் இரண்டு முனைகளும் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் சுப்பீரியர் ஏரியில் போய்த் திறக்கின்றன. உயரமான பாய்மரம் வரும்போது இரும்புப் பாலத்தின் நடுத்துண்டு, மேலே இருக்கும் சாலையோடு சேர்ந்து, படுத்தவாக்கில் அப்படியே உயரும். படகு அடியில் நழுவிப் போகும். துண்டு இறங்கும். பாலத்தோடு ஒட்டிய ஒரு கண்ணாடி அறையில், ஏப்ரலில் பனிக்கட்டி உடைவதிலிருந்து டிசம்பரில் மறுபடி உறைவதுவரை, அம்மா உட்கார்ந்திருப்பாள்.

படகு முதலில் கேட்க வேண்டும். நீளமாக ஓர் ஊதல், குட்டையாக ஒன்று. திறக்க முடியுமானால் பாலமும் அதையே திருப்பி ஊதும். முடியாவிட்டால் குட்டையாக ஐந்து. அதற்குப் பொறு என்று பொருள். பதிலே வராவிட்டால் படகு அசையக் கூடாது.

எங்கள் சௌனாவிலும் இதே விதிதான். வீட்டின் பின்னால், ஊசியிலை மரங்களுக்கு நடுவே, அப்பா கட்டிய மரக் குடில் அது. உள்ளே கல்லடுப்பு, கற்கள் மீது தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பி முகத்தில் அறையும். வியர்த்து முடிந்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பனியில் ஆறுவோம். கதவைக் கண்டபடி திறந்தால் சூடு போய்விடும். ஆகவே உள்ளே இருக்கிறவர் வெளியே வருவதற்குமுன் அகப்பையைச் சுவரில் நீளமாக இழுத்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பெஞ்சில் இருப்பவர் அதேபோல் திருப்பித் தட்டினால் வரலாம். நான் நடக்கப் பழகிய வயதில் அம்மா கற்றுக்கொடுத்தது. அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அதன்பிறகு சுவரின் இரண்டு பக்கமும் அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர் மட்டும்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நான் தெற்கே மில்வாக்கி நகரில் பம்புகள் வடிவமைக்கிறேன்; அவ்வப்போது வடக்கே வண்டி ஓட்டிக்கொண்டு வருவேன். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். காபி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காலேஜுக்கு எழுதிப் போடப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். இங்க வேற யாரு இருக்கா?"

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். "என்ன படிக்கப் போறே?"

"ஏரி."

"ஏரியா?"

"ஏரியப் பத்தி ஒரு படிப்பு இருக்காம். தண்ணி, அதுக்குள்ள இருக்கிறது, மேல வர்ற மூட்டம். இத்தன வருஷமா பாத்தாச்சு. என்னத்தப் பாத்தோம்னு இனிமே தெரிஞ்சுக்கணும்."

பதினெட்டு வயதில் அவளுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. ஏன் என்று கேட்டால், "மாடு இருந்துச்சுல்ல, யார் கறக்கறது?" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளாது.

"நல்லதுதானே, எழுதிப் போடு" என்றேன்.

"போட்டா மட்டும்? இடம் குடுக்க மாட்டாங்க."

"ஏன்?"

"பெருமையடிச்சுக்கணுமாம்." அந்தச் சொல்லை ஏதோ தட்டில் கிடந்த முடியைப்போல எடுத்துப் போட்டாள்.

கல்லூரியில் சேர்க்கையைப் பார்க்கும் மிசஸ் ட்ரெகானிங் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். உங்கள் பலங்கள் என்ன, உங்களை ஆளாக்கிய அனுபவங்கள் எவை, வெட்கப்படாமல் மனதில் வருவதையெல்லாம் கொட்டுங்கள், பிறகு பொறுக்கி எடுத்துக் கட்டுரையாக்கலாம். வயதில் மூத்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதுதான் முக்கியம். அதோடு, தெரிந்தவர்கள் இருவரிடம் பரிந்துரையும் வாங்கி வர வேண்டும்.

"ட்ரெகானிங் ஆளுங்க பேசுற ஜனம்" என்றாள் அம்மா. "அவங்க தாத்தா காலத்துல சுரங்க வேலைக்கு வந்தவங்க. சுரங்கத்துக்குள்ள இறங்குனாக்கூட பாடிக்கிட்டே இறங்குவாங்களாம். அவங்களுக்கு இது சுலபம். எனக்கு எப்படி?"

எப்படி என்பது நியாயமான கேள்வி. எங்கள் ஜனம் பின்லாந்திலிருந்து வந்து இந்தப் பனியில் இறங்கியபோது எதை விட்டுவிட்டு வந்ததோ தெரியாது, தன்னைத்தானே புகழாத வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டது. ஒருவன் வீடு கட்டி முடித்தால் "நிக்குது" என்பான். பிரமாதமாகச் சமைத்தவளிடம் "சாப்பிடலாம்" என்பார்கள், அவளும் வெட்கத்தில் சிவந்துபோவாள்.

"வா, சௌனாவுக்குப் போலாம்" என்றேன். "உள்ள பேப்பர் வேண்டாம், நனைஞ்சுடும். நீ மனசுல வர்றதச் சொல்லு, நான் ஞாபகத்துல வெச்சுக்கறேன்."

உள்ளே ஒரே ஒரு சின்ன ஜன்னல். சாயங்கால வெளிச்சம் அதன் வழியே வந்து ஆவியில் நின்றது. அம்மா மேல் பலகையில், நான் கீழே. அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வந்தது.

"பொறுமை" என்று ஆரம்பித்தேன்.

"உக்காந்திருந்தேன். அதுக்குப் பேரு பொறுமையா?"

"நிதானம்."

"மந்தமா இருக்கேங்கிற."

"தைரியம். நவம்பர் புயல்ல அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீ மட்டும் தனியா..."

"பாலம் தைரியமா நின்னுச்சு. நான் உள்ள காபி குடிச்சேன்."

"அம்மா! எதுலதான் நீ கெட்டிக்காரி?"

வெகுநேரம் யோசித்தாள். அகப்பை நிறையத் தண்ணீர் கற்கள்மேல் விழுந்தது. அடுப்பு பெருமூச்சு விட்டது.

"உருளைக்கெழங்குத் தோல மெலிசா சீவுவேன்."

"சரி, அது ஒண்ணு."

"சர்ச் சமையல்ல கூட இருக்கிற அய்லி இன்னும் மெலிசா சீவுவா. அத எடுத்துடு."

பலங்களை விட்டுவிட்டு அனுபவங்களுக்குப் போனோம். அவள் கதைகளில் அவள் இருக்கவே மாட்டாள் என்பதை அன்றுதான் கவனித்தேன். கால்வாயில் வருடா வருடம் ஒரு கிழவர் பச்சைப் படகில் நாயோடு போவார். ஒரு கோடையில் நாய் மட்டும் வந்தது, சுக்கானைப் பிடித்திருந்தவன் அவர் மகன். நாய் பாலத்தை அண்ணாந்து பார்த்துக் குரைத்தது. "அதுக்கு என்ன ஞாபகமோ" என்றாள். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, பெண் படகின் முனையில் நின்று தலைத்துணியைக் கழற்றிக் காற்றில் விட்டாள். அது ஏறி ஏறி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளி உலகத்தையே வெள்ளையாக்கியது. இலையுதிர் காலத்தில் வாத்துக்கூட்டம் தூக்கிய பாலத்தின் அடியில் பறந்துபோனது, மேலே வானம் முழுவதும் காலியாகக் கிடக்க. "அதுங்களும் ஊதிக் கேட்டுச்சோ என்னவோ, என் காதுல விழல."

நான் பலகையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பேர், தேதி, எதுவும் இல்லாமல் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆவிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"நீ எங்கேம்மா இதுல?"

"நான் எங்கயும் போகலியே. அங்கதான் இருந்தேன்."

பிறகு, தண்ணீர் ஊற்றாமல், கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேன். அத எழுதணும். மறைக்கக் கூடாது" என்றாள்.

ஆகஸ்ட் மாதம், விடிந்து கொஞ்ச நேரம். கால்வாய் முழுக்க மூட்டம். பாலத்தின் கைப்பிடிகூடத் தெரியவில்லை. எந்தப் படகும் ஊதவில்லை. அக்கரையில் ஒரு கொடிக்கம்பம். அதன் கயிறு காற்றில் கம்பத்தை டிங், டிங் என்று தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றதுபோல இருந்ததாம். காற்று நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. ஏதோ ஒன்று நடுவில் வந்துவிட்டது என்று தோன்றியிருக்கிறது. சாலையில் மணியடித்து, தடுப்பை இறக்கி, பாலத்தைத் தூக்கிவிட்டாள்.

"யாரும் கேக்காமலா?"

"கேக்காமதான். வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. ஒருத்தன் இறங்கி வந்து கத்துறான், 'கப்பலும் இல்ல ஒண்ணும் இல்ல, கனவு காண்றியா கெழவி?' அப்ப எனக்கு நாப்பத்தஞ்சுகூட ஆகல."

"அப்புறம்?"

"வந்துச்சு."

மூட்டத்திலிருந்து ஒரு பாய்மரப் படகு. விளக்கில்லை, எஞ்சின் இல்லை, பாய் சுருட்டியபடி. மேல்தட்டில் யாரும் இல்லை. எங்கோ கட்டியிருந்த கயிறு அறுந்து, நீரோட்டத்தோடு தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, பாலத்தின் அடியில், எதிலும் உரசாமல் போயிற்று. மறுபக்க மூட்டம் அதை வாங்கிக்கொண்டது. காரிலிருந்து இறங்கிக் கத்தியவன் தொப்பியைக் கழற்றிவிட்டானாம்.

"அழகா இருந்துச்சு" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை, அதற்குப் பின்பும்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இனிமேல் கேட்காமல் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். "சரியாத்தான் சொன்னாரு. விதின்னா விதி."

ஒரு பாய்மரப் படகு கொடிக்கயிற்றின் சத்தத்தை மறைக்க முடியுமா என்று நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

அவள் கட்டுரையை அனுப்பினாள். ஒரு பக்கம்கூட இல்லை. பலங்கள் என்ற தலைப்பின்கீழ், "வேலைக்குப் போனேன்." அனுபவங்கள் என்ற தலைப்பின்கீழ் அந்த ஆகஸ்ட் காலை, தப்பு என்ற விளக்கத்தோடு.

நவம்பரில் மிசஸ் ட்ரெகானிங் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கைசா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க நம்பர அம்மாதான் குடுத்தாங்க. நேராவே கேட்டுடறேன். இந்த ஊர்ல உங்கம்மாவப் பிடிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கறீங்க?"

"ரெண்டு பரிந்துரை வந்திருக்கு. படிக்கிறேன், கேளுங்க. 'இர்யாவோடு பல வருடம் மாறி மாறிப் பாலத்தில் வேலை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்ஹோ.' அவ்வளவுதான்! இன்னொண்ணு, 'சர்ச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறாள். வருகிறேன் என்றால் வருவாள். மோசமில்லை. அய்லி.' ஏம்மா, நான் என் பல் டாக்டரப் பத்தியே இதவிட நல்லா எழுதுவேன்! குழு கூடுறப்ப இதப் படிச்சா என்ன நெனைப்பாங்க? நான் ஒருத்தி வேணும்னு சொன்னாப் போதாது. இதவிட ஏதாவது வேணும். இல்லாட்டி இடம் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வில்ஹோ அப்படியா எழுதினான்?" என்றாள். "குறை சொல்ல ஒண்ணுமில்லைன்னா?"

"ஆமா."

"அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்த வாரமே வடக்கே போனேன். வில்ஹோவைக் கொட்டகையில் பிடித்தேன். மான் வேட்டைக்கான ஆரஞ்சு நிறத் தொப்பி, கையில் எண்ணெய்த் துணி. விஷயத்தைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காது சிவந்தது.

"ஏ பொண்ணே, குறை சொல்ல ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டேன். அதுக்கு மேல என்ன இருக்கு? நாப்பது வருஷமா என் பொண்டாட்டிகிட்டயே நான் அப்படிச் சொன்னதில்ல. அவ அதப் படிச்சா எனக்குச் சோறு கிடைக்காது."

"அவங்களுக்கு அது புரியல, வில்ஹோ."

"புரியாதவனுக்குக் கூட்டி எழுதுனா பொய்யாயிடும். இர்யாவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாளா? உன் மூஞ்சியிலதான் முழிப்பாளா?"

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது. பிறகு மிசஸ் ட்ரெகானிங்கைக் கூப்பிட்டு, சனிக்கிழமை வீட்டுக்குக் காபிக்கு வர முடியுமா, நீங்களே அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

வந்தாள். பெரிய உருவம், நீலக் கம்பளிக் கோட்டு, கையில் ஒரு டப்பா நிறையக் குங்குமப்பூ பன். கதவைத் திறப்பதற்குள் சாலை, பனி, பன், அவள் அத்தையின் கைப்பக்குவம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அம்மா கோட்டை வாங்கி மாட்டினாள். காபி ஊற்றினாள். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தாள்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க, இர்யா. எத வேணாலும்."

"ம்."

ஜன்னலுக்கு வெளியே பனி காற்றில்லாமல் நேராக விழுந்துகொண்டிருந்தது. மிசஸ் ட்ரெகானிங் கேள்வியை மாற்றிக் கேட்டாள். சின்ன வயசு? பாலத்தில் முதல் நாள்? அம்மா ஒவ்வொன்றையும் மரியாதையாக யோசித்தாள். "காபி?" என்றாள். கோப்பை நிறைந்தது. நான் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் அந்த மௌனம். எங்கள் வீட்டில் அது ஒரு நாற்காலி மாதிரி. யாரும் அதைக் கவனிப்பதில்லை. மிசஸ் ட்ரெகானிங்குக்கு அது பழக்கமில்லை. பன்னை எடுத்தாள், வைத்தாள். பனியைப் பார்த்தாள்.

"என் தம்பி இந்த மாதிரிப் பனிக்குத்தான் ரொம்ப ஆசப்படுவான்" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மார்ச் மாதத்தில் அவன் உறைந்த ஏரிமேல் மீன்பிடிக்கப் போயிருக்கிறான். அவளும் போவதாக இருந்தது. அன்று அவள் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். பனிக்கட்டி கரையிலிருந்து பிரிந்து போய்விட்டது. அவன் அதன்மேல் நின்று கையசைத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பயந்து அசைத்தானா, விளையாட்டாக அசைத்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் அம்மா கடைசிவரை அவன் தட்டை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. மிசஸ் ட்ரெகானிங் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வந்தபோது இருந்த குரல் இல்லை இது. அம்மா ஐயோ என்று சொல்லவில்லை, தலையாட்டக்கூட இல்லை. அவள் கண்கள் மட்டும் மூட்டத்தில் எதையோ தேடும் கண்கள்போல அந்த முகத்தின்மேல் நிலைத்திருந்தன. ஒருமுறை கையை நீட்டி, மிசஸ் ட்ரெகானிங்கின் தட்டின் விளிம்பைத் தொட்டு, அங்கேயே வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் நீலமாகியிருந்தது. மிசஸ் ட்ரெகானிங் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இத நான் என் வீட்டுக்காரர்கிட்டகூட முழுசாச் சொன்னதில்ல. நான் எதுக்கு இங்க வந்தேன்?"

"காபி குடிக்க" என்றாள் அம்மா.

நான் வண்டிவரை கூடப் போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள். "அந்தப் படகுல நிஜமாவே யாரும் இல்லையா?"

"இல்லையாம்."

தலைமேல் பனி விழ விழ அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

உள்ளே அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லாப் பேசுறா" என்றாள். "அவளுக்கு இடம் கிடைச்சிடும்."

டிசம்பரில் தகவல் வந்தது. இடம் அம்மாவுக்கு. தொலைபேசியில் சொன்னாள். "குடுத்துட்டாங்க."

"எப்படி இருக்கு?"

"பரவால்ல." பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். "கெழங்கு சீவிட்டிருக்கேன். தோல் அறுந்துபோகாம தரை வரைக்கும் தொங்குது, கைசா. அய்லி பாக்கணும்."

ஜனவரியில் வகுப்புக்குப் போனாள். பாலம் குளிர்காலத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பழைய காரை ஓட்டிக்கொண்டு தென்கரைக்குப் போவாள். ஜன்னல் பக்கத்து இருக்கை. பேரப்பிள்ளை வயதுள்ளவர்கள் அவளைச் சுற்றி. அவர்கள் அவளிடம் வந்து எதையெதையோ சொல்கிறார்கள் என்றும், ஏன் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

பிப்ரவரியில் ஒரு மாலை, அவளாகவே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"கைசா, ஏரி புரண்டு படுக்குமாம்."

"என்ன?"

"வருஷத்துல ரெண்டு தடவ. பனி உருகின அப்புறம் ஒரு தடவ, இலை உதிர்றப்ப ஒரு தடவ. மேல இருக்கிற தண்ணி கனமாகி அடியில போகும். அடியில இருக்கிறது மேல வந்து மூச்சு விடும். முழு ஏரியும். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அடர்த்தி, வெப்பநிலை, எல்லாம் படித்திருக்கிறேன். "சொல்லும்மா" என்றேன்.

"நான் பாலத்துல உக்காந்திருக்கிறப்பல்லாம் அது அடியில புரண்டுட்டிருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல பாரு."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

யோசித்தாள். "சத்தம் போடாம இருந்திருப்பேன்."

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நாங்கள் சௌனாவில் இருந்தோம். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு. என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாள், கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். "நல்லாப் படிச்சிருக்கே" என்றேன். "படிச்சிருக்கேன்" என்று திருத்தினாள். சௌனா வழக்கப்படி, பிர்ச் மர இலைக் கொத்தால் என் முதுகில் தட்டினாள். சூடு அதிகம் என்று சொல்லி, துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் முதலில் வெளியே போனாள்.

நான் இன்னொரு அகப்பை ஊற்றினேன். ஜன்னலில் வெளிச்சம் பாலும் நீலமுமாக இருந்தது. பிறகு அகப்பையைச் சுவரில் நீளமாக இழுத்து, ஒரு தட்டுத் தட்டினேன்.

பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் படகு அசையக் கூடாது. இருந்தேன். மறுபடி இழுத்தேன், தட்டினேன். பிறகு பதில் வராமலே கதவைத் திறந்தேன்.

பெஞ்சில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மரங்களுக்கு நடுவே கால்வாய் இருக்கும் திசையைப் பார்த்தபடி. தோள்களிலிருந்து ஆவி இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. அது மெதுவாக, நேராக மேலே போய், கிளைகளுக்குள் கலைந்தது. அது முழுவதும் அடங்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதயம் என்றார் டாக்டர்.

இறுதி வழிபாடு முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி. எங்களில் யாரும் நீளமாகப் பேசுவதில்லை. விருப்பமுள்ளவர்கள் எழுந்து ஒரு வாக்கியம் சொல்வார்கள். அய்லி எழுந்தாள். "வர்றேன்னா வருவா." உட்கார்ந்தாள். வில்ஹோ எழுந்து, பரிந்துரையில் எழுதியதையே சொன்னார். அவர் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தன் கோப்பையை. நான் எழுந்தேன். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தேன். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்வரிசையில் நீலக் கோட்டு எழுந்தது. கூடத்தில் எல்லோரும் இருக்கையில் சற்றே பின்னால் சாய்ந்து, வரப்போகும் வெள்ளத்துக்குத் தயாரானார்கள். மிசஸ் ட்ரெகானிங் வாயைத் திறந்தாள். மூடினாள். மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காபி ஆறும் அளவுக்கு நின்றாள்.

"ஒரு வகுப்புக்குக்கூட வராம இருந்ததில்ல" என்றாள். "மோசமில்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

வில்ஹோ என் பக்கம் குனிந்தார். "இந்தம்மா நம்ம ஆளா?"

"இல்ல."

"பரவால்லையே" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் இறந்தவர்களை உடனே புதைக்க முடியாது. மண் உறைந்து கல்லாக இருக்கும். இளகும்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவும் காத்திருந்தாள். மே மாதத்தில் ஒரு காலை, பிர்ச் மரங்களில் பச்சை எட்டிப்பார்க்கத் தொடங்கியபோது, அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அதன்பிறகு மில்வாக்கிக்குக் கிளம்பினேன். பாலத்தருகே மணி அடித்தது, தடுப்பு இறங்கியது. என் வண்டிதான் வரிசையில் முதல். கால்வாயில் பனிக்கட்டி ஒரு துண்டுகூட இல்லை. தண்ணீர் கறுப்பாக, அசைவில்லாமல், எதையோ யோசித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. தூரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஊதல் வந்தது. குட்டையாக ஒன்று. பாலம் அதையே திருப்பிச் சொன்னது.

நடுத்துண்டு உயர்ந்தது. இந்த மாதத்தில்தான் ஏரி புரண்டு படுக்கும். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் இருந்தேன்.